லென்ஸைத் துடைக்கும் முன்: வேலூர்ப் புழுதிக்கும் வெயிலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

என் கேமராவின் 50 மி.மீ. லென்ஸின் முன்கண்ணாடியில் பிறை வடிவில் மூன்று கீறல்கள் இருக்கின்றன. அணைக்கட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தை மாத மாடு விடும் விழாவுக்குப் போயிருந்தேன். தெரு முழுக்க மண் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் மாட்டை ஒவ்வொன்றாகத்தான் விடுவார்கள். குறைந்த நேரத்தில் எல்லையைத் தொடுவதுதான் பந்தயம். ஒவ்வொரு மாடும் ஓடி முடியும்போது ஆள் உயரத்துக்குப் புழுதி எழும்பும். காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் லென்ஸ் மேல் மாவு சலித்தது போல இருந்தது. அடுத்த மாடு அவிழ்க்கிறார்கள் என்று மைக்கில் சொன்னதும், அவசரத்தில் வேட்டி முனையை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தேன். விரலுக்கு அடியில் நறநறவென்றது. அப்போதே கையை எடுத்திருக்க வேண்டும். இன்னும் இரண்டு சுற்று துடைத்தேன்.

சாயங்காலம் வேலூர் திரும்பி, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணனிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இன்னா தம்பி, ஊதாமயே தொடச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

புழுதி அதுபாட்டுக்கு லென்ஸ் மேல் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கண்ணாடியில் வைத்து அதை அரைத்தது நான்தான். பல வருடமாக நான் பார்த்ததும் இதுதான்: அழுக்கால் கெட்ட லென்ஸைவிட, துடைத்துத் துடைத்தே கெட்ட லென்ஸ்கள் அதிகம்.

இங்கே ஏன் கூடுதல் கவனம்

வேலூரைச் சுற்றி இருப்பதெல்லாம் கருங்கல் மலை. அந்தக் கல் உதிர்ந்து வரும் மண்ணிலும், பாலாற்று மணலிலும் குவார்ட்ஸ் துகள் நிறைய உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடி 5½ அளவில் இருக்கும். அதாவது நம் ஊர்ப் புழுதி கண்ணாடியைவிடக் கடினம். துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு துகள் சிக்கினால் போதும், உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

கண்ணாடிக்கு மேலே இருக்கும் பூச்சு மிக மெல்லிய சமாச்சாரம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு ஜூம் லென்ஸுக்குள் அப்படி இருபது பரப்பு இருந்தால், பாதிக்கும் மேற்பட்ட வெளிச்சம், கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாருக்கு வராது. 1935-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா என்ற இயற்பியலாளர் இதற்கு வழி கண்டார். ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு தடிமனில் ஒரு படலத்தைக் கண்ணாடி மேல் படிய வைத்தால், எதிரொளிக்கும் ஒளி பெருமளவு குறைந்துவிடும். லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுகிறதே, அது இந்தப் பூச்சு. ஒரு படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். இப்போதைய லென்ஸ்களில் பல படலம் பூசுகிறார்கள். பூச்சு கீறினால் மறுபடி பூச நம் ஊரில் ஆள் கிடையாது.

ஜவ்வாது மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அந்த மாதிரி பெரிய ஆடிகளில் அலுமினியப் பூச்சு மங்கினால் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம். தொலைநோக்கிக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு, கேமராவோடு சேர்ந்தே வரும் நம் கிட் லென்ஸுக்குக் கிடையாது.

முதலில், துடைக்கத்தான் வேண்டுமா?

டார்ச் அடித்துப் பார்த்தால் புது லென்ஸிலும் தூசி தெரியும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். முன்கண்ணாடியில் இருக்கும் நாலு தூசி படத்தில் விழாது. படத்தில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி தெரிகிறது என்று லென்ஸைத் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எஃப்/16 வைத்து, அதாவது லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பாருங்கள். புள்ளி தெரிந்தால் அநேகமாக அது சென்சார் மேல் இருக்கும் தூசி. லென்ஸை மாற்றிய பிறகும் அதே இடத்தில் புள்ளி இருந்தால் சந்தேகமே இல்லை. லென்ஸை எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

உண்மையிலேயே துடைக்க வேண்டியவை மூன்று: விரல் ரேகை, புகை படிந்த படலம், காய்ந்துபோன நீர்த்துளி. இவை எதிர்வெளிச்சத்தில் படத்தை வெளுக்க வைக்கும், நிறத்தை மங்கலாக்கும். அதிலும் கேமரா உடலுக்குள் போகிற பின்கண்ணாடி அழுக்கானால் பாதிப்பு அதிகம். முன்னால் ஒரு சிறு கீறலோடு வருடக்கணக்கில் படம் எடுக்கலாம். பின்னால் ஒரு விரல் ரேகை இருந்தாலே படம் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னென்ன வாங்க வேண்டும்

ரப்பர் ஊதுகுழல், அதாவது ப்ளோயர், பெரிய அளவாகப் பார்த்து ஒன்று. கைக்குள் அடங்கும் சின்னக் குழலில் காற்று போதாது. லென்ஸ் பேனா ஒன்று. ஒரு முனையில் மென்மையான பிரஷ், மறு முனையில் கரித்தூள் பூசிய பஞ்சு. லென்ஸ் டிஷ்யூ ஒரு கட்டு. மைக்ரோஃபைபர் துணி இரண்டு, ஒவ்வொன்றும் தனித்தனி ஜிப் கவரில். லென்ஸ் திரவம் ஒரு சின்னக் குப்பி. அவ்வளவுதான்.

லென்ஸ் திரவம் கிடைக்காவிட்டால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க ஐ.பி.ஏ. என்று வைத்திருப்பார்களே, அதேதான். கை கழுவும் சானிடைசரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதில் கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும், துடைத்த இடத்தில் பிசுக்கு நிற்கும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவமும் வேண்டாம், அதில் அம்மோனியா இருக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் வளையத்தையும் எழுத்தையும் தின்றுவிடும்.

பஞ்சர் கடைக் காற்றும் ஆகாது. கம்ப்ரெசர் காற்றோடு எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து வரும், வேகமும் அதிகம். டின்னில் அடைத்த காற்றைச் சாய்த்துப் பிடித்து அடித்தால் உள்ளே இருக்கும் திரவம் அப்படியே கண்ணாடியில் தெறித்து உறையும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காலையில் தயிர்சாதமா பிரியாணியா என்று லென்ஸுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

மைக்ரோஃபைபர் துணியைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் போடாதீர்கள். அதன் மெழுகு துணியில் தங்கி, பிறகு லென்ஸுக்கு வந்து சேரும். லேசான சோப்பில் தனியாக அலசி, நிழலில் உலர்த்தி, உதறி, கவரில் போட்டுவிடுங்கள்.

துடைக்கும் முறை

ஃபேனை நிறுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். மேஜை மேல் ஒரு சுத்தமான துண்டை விரித்தால், லென்ஸ் கை நழுவினாலும் பிழைக்கும்.

லென்ஸின் கண்ணாடி தரையைப் பார்க்கும்படி பிடியுங்கள். ப்ளோயரைக் கீழிருந்து மேலாக வைத்து ஊதுங்கள். கிளம்பும் தூசி கீழே விழ வேண்டும், மறுபடி கண்ணாடியில் உட்காரக் கூடாது. இரண்டு தரம் ஊதிவிட்டு நிறுத்தாதீர்கள். பத்துப் பதினைந்து தரம், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே ஊதுங்கள். குழலின் மூக்கு கண்ணாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஊதலுக்கு முன்பு குழலை வெறும் வெளியில் நாலைந்து முறை அழுத்திவிடுங்கள், பையில் கிடந்தபோது உள்ளே போன தூசி வெளியேறிவிடும்.

அடுத்து பிரஷ். அழுத்தம் கொடுக்காமல், கோழி இறகால் தடவுவது போல மையத்திலிருந்து விளிம்புக்கு இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் பிரஷை உதறிக்கொள்ளுங்கள். பிரஷ் நுனியை விரலால் தொட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தொட்டால் விரல் எண்ணெய் அதில் ஏறி, அடுத்த முறை கண்ணாடியில் கோடு கோடாக இழுக்கும். பிறகு இன்னொரு தரம் ஊதுங்கள்.

இப்போது டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். பிசுக்கோ ரேகையோ இல்லை என்றால் மூடியைப் போட்டு எடுத்து வைத்துவிடுங்கள். பத்தில் எட்டு முறை வேலை இங்கேயே முடிந்துவிடும், மேலே போக வேண்டியதில்லை.

ரேகை ஒன்று மட்டும் இருந்தால் லென்ஸ் பேனாவின் கரி முனை போதும். மையத்தில் வைத்து வெளியே சுற்றிச் சுற்றிக் கொண்டு போய், மறுபடி ஊதினால் கரித்தூள் பறந்துவிடும். பஞ்சு தேய்ந்து வழவழப்பானால் அந்தப் பேனாவைத் தூக்கிப் போடுங்கள், காசு பார்க்காதீர்கள்.

பிசுக்குப் படலம் இருந்தால்தான் திரவம். திரவத்தை ஒருபோதும் கண்ணாடியில் நேராகச் சொட்ட வைக்காதீர்கள். கண்ணாடிக்கும் வளையத்துக்கும் நடுவே இருக்கும் முடியளவு இடைவெளியில் அது உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விடும். அப்புறம் சர்வீஸ்காரர் லென்ஸைப் பிரித்தால்தான் உண்டு. டிஷ்யூவை நாலாக மடித்து, அதில் ஒரு சொட்டு, பெரிய லென்ஸாக இருந்தால் இரண்டு சொட்டு விடுங்கள். டிஷ்யூ ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. மையத்தில் தொடங்கி ஜிலேபி சுற்றுவது போல விளிம்புவரை ஒரே ஓட்டமாகப் போய்க் கையை எடுத்துவிடுங்கள். விரலின் எடையே போதும், அழுத்த வேண்டாம். அதே டிஷ்யூவை மறுபடி மையத்துக்குக் கொண்டுவராதீர்கள். விளிம்பில் ஒதுங்கிய மண்ணை நடுவில் கொண்டுவந்து தேய்ப்பதாகிவிடும். புது டிஷ்யூ, தேவைப்பட்டால் இன்னொரு சொட்டு. கடைசியாக உலர்ந்த மைக்ரோஃபைபரில் ஒரே ஒரு சுற்று.

விளிம்பில் மட்டும் வட்டமாக ஒரு மங்கல் நிற்கும். டிஷ்யூவைக் காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சி மேல் சுற்றி, லேசாக ஈரமாக்கி, ஓரத்தை மட்டும் தடவுங்கள். பின்கண்ணாடி குழிக்குள் இருந்தால் அதற்கும் இதே குச்சிதான். ஆனால் பின்கண்ணாடியை முடிந்தவரை ஊதலோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

நூற்றுக்கு நூறு சுத்தம் தேடினால் துடைப்பதற்கு முடிவே இருக்காது. ஒரு மெல்லிய கோடு மிச்சம் இருக்கிறதா, விட்டுவிடுங்கள்.

லென்ஸ் கேமராவில் பொருந்தும் வளையமான மவுண்ட்டில் இருக்கும் தங்க நிறத் தொடுபுள்ளிகளை மறக்க வேண்டாம். ‘லென்ஸ் எரர்’ என்று கேமரா அடம்பிடித்தால், துணியில் துளி ஐ.பி.ஏ. தொட்டு அவற்றை ஒரு முறை துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும். பென்சில் ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள். அதன் துகள் கேமராவுக்குள் போகும், வேண்டாம்.

கல்யாணம், திருவிழா

கல்யாண மண்டபத்தில் நம் முதல் எதிரி வாசலில் பன்னீர் தெளிக்கிற பாப்பா. அழகாகத் தெளிக்கும், லென்ஸ் மேலும் தெளிக்கும். துளி காய்வதற்கு முன்பே டிஷ்யூவை அதன் மேல் வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மேடையில் ஹோமப் புகையும் நெய்யும் சேர்ந்து மூன்று மணி நேரத்தில் கண்ணாடியில் மெல்லிய எண்ணெய்ப் படலம் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாயங்கால வரவேற்பில் மேடை விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் விழும்போது தெரியும். முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போகும் முன் திரவம் தொட்டு ஒரு தடவை துடைத்துவிடுவேன். அட்சதை விழுந்தால் கவலையில்லை, அரிசி உருண்டுவிடும். அதோடு வரும் மஞ்சள்தூளை ஊதித்தான் எடுக்க வேண்டும். விபூதி, குங்குமத்துக்கும் ஊதல்தான். ஈரத்துணியால் விபூதியைத் துடைத்தால் சேறாகி விளிம்புக்குள் போய் உட்காரும்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வேறு ரகம். வைகாசி முதல் நாள் சிரசு ஊர்வலம் வரும்போது வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். இளநீரில் சர்க்கரையும் உப்பும் உண்டு. அது வெயிலில் காய்ந்தால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். ஆல்கஹால் சர்க்கரையைச் சரியாகக் கரைக்காது என்பதை அங்கேதான் கற்றேன். எவ்வளவு துடைத்தும் வெள்ளைத் தடம் அப்படியே நின்றது. இந்த மாதிரிக் கறைக்கு முதலில் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த டிஷ்யூவை ஒரு நிமிடம் அதன் மேல் வைத்து ஊறவிட்டு ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஒற்றியபின், கடைசியாக லென்ஸ் திரவம்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு மட்டும் லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் ஒரு பாதுகாப்பு பில்டர் கண்ணாடி போட்டுப் போங்கள். பில்டர் போட்டால் படத்தின் தரம் போய்விடும் என்று ஒரு கட்சி, போடாமல் வெளியே எடுக்கவே கூடாது என்று இன்னொரு கட்சி. நான் நடுவில் நிற்கிறேன்: புழுதியிலும் தேங்காயிலும் போடுவேன், மற்ற நேரம் லென்ஸ் முனையில் மாட்டும் ஹூட் என்ற மறைப்பு வளையம் போதும். பில்டர் இறுகிப் போனால் ஒரு பெரிய ரப்பர் பேண்டை அதைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் மெதுவாகத் திருகுங்கள். அழுத்த அழுத்த வளையம் நெளிந்து இன்னும் இறுகும்.

புழுதியில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து மாற்றுங்கள்.

வெயில்

கத்திரியில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிய விஷயம். வெயிலில் நிற்கும் காருக்குள் அது 60-ஐத் தொடும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் கேமரா அனுமதி இல்லை என்பதால் காரிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சூட்டில் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சம் புகும் துளையைச் சுருக்கி விரிக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் மேல் எண்ணெயாகப் படரும். இதழ் ஒட்டிக்கொண்டு மெதுவாக நகரும், படம் வெளுத்து வரும். கோயிலுக்குப் போகும் நாளில் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வேறு வழியே இல்லை என்றால் டிக்கியில் துண்டு சுற்றி வைப்பது பின்சீட்டைவிடப் பரவாயில்லை.

மூடி இல்லாமல் லென்ஸை ஜன்னலோரம் வெயிலில் வைக்காதீர்கள். பூதக்கண்ணாடியில் காகிதம் எரித்து விளையாடியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மழையும் பங்கஸும்

ஐப்பசி, கார்த்திகையில் பீரோவைத் திறந்தால் துணியில் ஒரு மக்கல் வாடை வருமே, அந்தக் காற்றுதான் பங்கஸுக்குச் சாப்பாடு. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் கண்ணாடியில் பூசணம் பிடிக்கும். டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி, கோலத்தின் கிளை மாதிரி தெரிந்தால் அதுதான். அது சுரக்கும் அமிலம் பூச்சையும் கண்ணாடியையும் அரிக்கும். பிறகு பூசணத்தை எடுத்தாலும் அதன் தடம் போகாது.

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினட் வாங்கலாம். நான் செய்வது: சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே இருநூறு கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். ஆரஞ்சு ஜெல் பச்சையாக மாறினால், நீல ஜெல் இளஞ்சிவப்பானால், அது தண்ணீர் குடித்து நிறைந்துவிட்டது. ஓவனில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். நம் வெயிலை நம்பி மொட்டை மாடியில் காயவைப்பது பாதிக் கிணறு தாண்டின கதைதான். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள். வாங்கும்போதே ஆரஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். ஜெல்லுக்குப் பதிலாக அரிசி போடுபவர்கள் இருக்கிறார்கள். அரிசி மாவு லென்ஸ் மேல் ஏறுவதுதான் மிச்சம். பீரோவில் லென்ஸ் பக்கத்தில் நாப்தலின் உருண்டையும் வேண்டாம்.

அடுத்தது தோல் உறை. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலுக்குப் பெயர் போன பக்கம் நம்முடையது, அதனால் சொல்லவே கொஞ்சம் சங்கடம்தான். அப்பா காலத்துக் கேமராவைத் தோல் உறையோடு பரணில் வைத்திருந்தால் இன்றைக்கே உறையைத் தனியாகக் கழற்றிவிடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூசணத்துக்கு அதைவிட வசதியான வீடு இல்லை.

இதையெல்லாம்விட நல்ல மருந்து, லென்ஸை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் படம் எடுப்பது. பெட்டியிலேயே தூங்கும் லென்ஸுக்குத்தான் பங்கஸ் சீக்கிரம் வருகிறது.

ஏலகிரிக்குப் போகும்போது

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடி வெள்ளையாகிவிடும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படிவதுதான் காரணம். ஏலகிரியில் பனி மூட்டத்தில் விடியலை எடுத்துவிட்டு, பதினாலு வளைவும் இறங்கி வாணியம்பாடி வெக்கைக்கு வந்ததும் பையைத் திறந்தால் இதே கதிதான். துடைக்க வேண்டாம், துடைத்தால் மறுபடி படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விடுங்கள், கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். அறையில் தங்கியிருந்தால், இரவே கேமராவை ஜிப் கவரில் போட்டுக் காற்றை எடுத்து மூடிவிட்டுத் தூங்கலாம். காலையில் ஈரம் கவருக்கு வெளியேதான் படியும்.

மொபைல் கேமராவுக்கும் இதே விதிதான்: முதலில் ஊதல், பிறகு மைக்ரோஃபைபர். அதன் கண்ணாடி கொஞ்சம் உறுதியானது என்பதால் கூடுதல் பயம் வேண்டாம், ஆனால் பிரியாணிக் கையோடு தொட்டுவிட்டு ‘கேமரா சரியில்லை’ என்று சொல்லாதீர்கள்.

சர்வீஸுக்கு எப்போது

உள்ளே பங்கஸ், இதழில் எண்ணெய், ஃபோகஸ் வளையத்தில் மண் அரைபடும் சத்தம், இந்த மூன்றுக்கும் வீட்டில் வைத்தியம் இல்லை. யூடியூப் பார்த்து ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தால், உள்கண்ணாடிகளை மறுபடி நேராகப் பொருத்த முடியாமல் படத்தின் ஒரு ஓரம் மட்டும் மங்கலாக வரும். பங்கஸ் பிடித்த லென்ஸைக் கண்டதும் மற்ற லென்ஸ்களிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போடுங்கள். சென்னைக்கு அனுப்பும் முன் சர்வீஸ் கட்டணத்தை ஃபோனில் கேட்டு, அதே லென்ஸின் பழைய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிட் லென்ஸாக இருந்தால் பழையது ஒன்று வாங்குவதே மலிவாக முடியும். அனுப்புவது என்று முடிவானால் சீரியல் எண்ணை எழுதி வைத்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, முன்பின் மூடி போட்டு அனுப்புங்கள். பில்டரைக் கழற்றி வீட்டில் வையுங்கள். ஒரு முறை பில்டரோடு அனுப்பினேன், லென்ஸ் மட்டும் திரும்பி வந்தது.